குங்குமம் வைத்த ஹார்ட் டிஸ்க்

எனக்கு அந்தக் காலத்தில் மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வரும், வயசாகிவிட்டதால் பாதி வழியிலேயே களைத்துத் திரும்பிவிடுகிறது. அது முழுத் தெம்போடு இருந்த நாட்களில், திருத்தணி பஜாரில் ஒரு மாடியறையில் நானும் என் மனைவியும் போட்டோ ஸ்டூடியோ நடத்தினோம். இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். பிலிம் கேமராவை ஓரங்கட்டிவிட்டு டிஜிட்டல் கேமரா வாங்கிய முதல் ஆட்களில் நானும் ஒருவன் என்ற தலைக்கனம் வேறு.

எங்களுக்குச் சோறு போட்டது மலைமேல் கோயிலில் நடக்கும் கல்யாணங்கள்தான். முகூர்த்த நாளில் விடியும்போதே ஜோடிகள் வரிசையில் நிற்கும். ஆந்திராப் பக்கத்திலிருந்து வேன் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு கல்யாணத்தை எடுத்து முடித்துக் கீழே ஓடிவந்து, படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கேமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு மலையேறுவேன். கார்டு ஒன்றுதான் இருந்தது. அதனால் யார் கல்யாணமாக இருந்தாலும், பிரிண்ட் போடுகிற வரைக்கும் அதன் படங்கள் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில்.

கம்ப்யூட்டரை வாங்கியது நான், ஓட்டியது அவள். அவள் என் அத்தை மகள், பள்ளிப்பட்டுக்காரி. நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. சின்ன வயசிலிருந்தே அத்தான் என்பதற்கு 'பாவா', அதோடு 'நீ, வா' என்றுதான் என்னிடம் பேச்சு. கல்யாணத்துக்கு முன்பு பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்து, அங்கேயே ஒரு வருஷம் சொல்லியும் கொடுத்தவள். இருந்தாலும் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது ஆம்பளை வேலை என்று நான் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சட்டத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு வியாழக்கிழமை அந்த ஹார்ட் டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் நெடுநேரம் யோசிக்கும். சில சமயம் அப்படியே உறைந்து நிற்கும். அன்று பார்த்து ஒரு பெண் வந்தாள்.

மணவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கழனி வேலைக்குப் போகிற குடும்பம். பத்து நாளைக்கு முன்பு மலையில் அவள் கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். அவளுடைய அப்பா மட்டும் கல்யாணத்துக்கு வரவில்லை. சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். குறித்த நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பினாராம்.

"நைனாவுக்குத் திங்கக்கெழம நெஞ்சுல ஆபரேஷன் பண்றாங்கண்ணா. பொழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டரு சொல்லிட்டாரு. உள்ள கூட்டிகினு போறதுக்குள்ள என் கல்யாணத்த அவரு பாத்துடணும். ஞாயித்துக்கெழம காலைல குடுத்துடுவீங்களா?"

"ஆங், குடுத்துடலாம்மா" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிரிண்ட் போடுகிற லேபுக்குப் படங்களை சிடியில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். எழுத உட்கார்ந்தேன். டிஸ்க் நடுவில் நின்று நின்று போனதால் ஒரு சிடியும் முழுசாக எழுதப்படவில்லை. நாலு சிடி பாழானது. ஐந்தாவதை எடுத்தபோது என் மனைவி சொன்னாள்.

"பாவா, எத்தினி சிடி போட்டாலும் இதுல இருந்து நேரா எழுதாது. புது டிஸ்க் ஒண்ணு வாங்கி உள்ள மாட்டு. மொதல்ல படத்தயெல்லாம் அதுக்கு மாத்திக்கலாம். அப்புறம் அதுல இருந்து சிடி எழுதலாம்."

மறுநாள் காலை ரயிலைப் பிடித்துச் சென்னை போனேன். பழைய டிஸ்க்கைப் போல நாலு மடங்கு கொள்ளும் புது டிஸ்க் வாங்கினேன். கடைக்காரர் கொடுக்கும்போது "ஜம்பர் பாத்து மாட்டுங்க" என்றார். எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி தலையாட்டினேன். எனக்குத் தெரியாது.

மத்தியானம் ஊர் வந்து இறங்கியதும் நேராக ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாம். ஆனால் திருத்தணியில் புதுசாக எது வாங்கினாலும் முதலில் மலைக்குப் போகும். மோட்டார் சைக்கிள் போகும், டிராக்டர் போகும், எங்கள் கேமராவே போய்ப் பொட்டு வைத்துக்கொண்டுதான் முதல் படத்தை எடுத்தது. ஒரு மனுஷன் உயிர் சம்பந்தப்பட்ட காரியத்துக்கு வந்திருக்கும் டிஸ்க் போகாமல் இருக்குமா? மொபெட்டில் வைத்து மலைக்குக் கொண்டுபோனேன்.

"இது என்னப்பா?" என்றார் குருக்கள்.

"கம்ப்யூட்டரோட மூளை, சாமி."

"மூளைக்கு முகம் எந்தப் பக்கம்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அது தோன்றவில்லை. ஒரு பக்கம் பச்சைத் தகடு. மறுபக்கம் ஸ்டிக்கர் ஒட்டி எழுத்தும் கோடுமாக இருந்தது. எழுத்து இருப்பதுதான் முகம் என்று முடிவு செய்து காட்டினேன். அவர் ஸ்டிக்கரின் நட்டநடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"சாமி, இந்த ஓரத்துல ஊசி ஊசியா இருக்குது பாருங்க, இது வயர் உள்ள போற எடம். வாசப்படி மாதிரி. அங்கயும் ஒண்ணு வெச்சுடுங்க."

"அங்கயா? வேணுமாப்பா?" என்று அவர் தயங்கினார்.

"வைங்க சாமி, ஒண்ணும் ஆகாது."

வைத்தார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று சொல்வார்கள். நான் காலை விட்டதோடு சந்தனமும் பூசிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மூடியைத் திறந்து புது டிஸ்க்கைப் பழசுக்குக் கீழே வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கினேன். பட்டையாக இருக்குமே, அந்த ஒரே வயரில் இரண்டு டிஸ்க்கையும் கோர்த்தேன். ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது கம்ப்யூட்டர். புதுசும் இல்லை, பழசும் இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுசு தெரியாவிட்டால் போகிறது. பழசும் போய்விட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணமே போய்விட்டது என்று அர்த்தம். வயரைத் திருப்பிப் போட்டேன், கரண்டு வயரை மாற்றினேன், சம்பந்தமே இல்லாத ஒரு அட்டையைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். கடைசியில் புதுசைக் கழற்றி எறியாத குறையாகக் கீழே வைத்தபிறகு, பழசு மட்டும் 'டிக், டிக்' என்று உயிரோடு வந்தது. உயிர் வந்ததும் எனக்குக் கோபமும் வந்தது. சென்னைக் கடைக்காரனைத் திட்டினேன். புது டிஸ்க் வாங்கு என்று யோசனை சொன்ன பாவத்துக்கு அவளையும் திட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"பாவா, ஒரே நேரத்துல அஞ்சு எடத்துல கை வெச்ச. எது தப்புன்னு இப்ப அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது. காலைல நான் பாக்கறேன்" என்றாள்.

என் சட்டம் அந்த இடத்தில் செத்துப்போனது. நான் இரங்கல்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் பேப்பர் விரித்து, என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு நோட்டு. ஒன்றைச் செய்வாள், என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுவாள், பிறகுதான் அடுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்குக் காலைல குடுக்கணும். நீ இங்க பரிச்ச எழுதிகினு இருக்கியா?"

"தறியில ஒரு இழை அறுந்தா எங்க நைனா மொத்தப் பாவு நூலையும் புடிச்சு இழுப்பாரா? ஒவ்வொரு இழையா விரலால தள்ளிகினே வருவாரு. ஒரே நேரத்துல ஒண்ணுதான் பாவா பாக்கணும்."

புது டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"எத எப்படி மாட்டணும்னு ஸ்டிக்கர்லயே படம் போட்டிருப்பாங்க. அந்தப் படத்தக் காணமே?"

படம் சந்தனத்துக்கு அடியில் இருந்தது. அவள் துணியை எடுத்தாள். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"சாமி குங்குமம். தொடைக்கக் கூடாது!"

சத்தியமாக எனக்குப் பயம். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு நாளில் ஆபரேஷன். அதற்காக மலையில் வைத்த குங்குமத்தை அழுக்குத் துணியால் துடைப்பதா? அவள் என்னோடு வாதாடவில்லை. மூடத்தனம் என்று சொல்லவில்லை. துணியைக் கீழே வைத்தாள். மோதிர விரலால் டிஸ்க்கிலிருந்த குங்குமத்தை ஒற்றியெடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். வகிட்டில் வைத்தாள். தாலியில் வைத்தாள். மிச்சத்தை என் நெற்றியில் வைத்துவிட்டு, காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்துத் தண்ணீரில் குழைத்து என் கழுத்திலும் தன் கழுத்திலும் தடவினாள்.

"வீணாப் போகல இல்ல?" என்றாள்.

அவளைக் கல்யாணம் செய்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. இவ்வளவு புத்திசாலியோடு குடித்தனம் நடத்துகிறேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கேமரா லென்ஸ் துடைக்கும் திரவத்தில் துணியை நனைத்து மீதியைத் துடைத்தாள். ஸ்டிக்கரில் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் படம் தெரிந்தது.

"ஒரே வயர்ல ரெண்டு டிஸ்க் இருந்தா, ஒண்ணு பெருசு, இன்னொண்ணு சிறுசுன்னு நாமதான் சொல்லிக்குடுக்கணும். இப்ப ரெண்டுமே நான்தான் பெருசுன்னு நிக்குது. அதான் கம்ப்யூட்டரு ரெண்டையும் சேத்துக்கல. இந்தப் புதுச சிறுசாக்கிட்டா சரியாப் போயிடும்." கூடவே, "நம்ம வீட்ல நீதான் பெருசு. வேல நடக்குதில்ல?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் ஜம்பர். அரிசி அளவு கறுப்பு மூடி. எந்த ஊசிகளின் மேல் அதைச் சொருகுகிறோமோ அதை வைத்துப் பெருசா சிறுசா என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். அதைப் பிடுங்கப் போனவள் நின்றுவிட்டாள். ஊசிகளுக்கு நடுவில் மஞ்சளாக இறுகிக் கிடந்தது. வயர் செருகும் ஊசிகளிலும் அதே. என் வாசப்படி.

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை அவள். ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். தாலிச் சரட்டில் கோர்த்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, ஊசிகளின் இடுக்கில் விட்டு, துகள் துகளாகச் சந்தனத்தை எடுத்து ஊதினாள். நாற்பது சின்ன ஊசிகள். ஒன்றுகூட வளையக்கூடாது. அரைமணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. நான் விசிறியால் வீசிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. பழசு ஒரு வரி, புதுசு ஒரு வரி. நான் கைதட்டினேன். ஆனால் கம்ப்யூட்டர் முழுசாகத் திறந்தபிறகு பார்த்தால் பழசு மட்டும்தான் இருக்கிறது.

"முன்னாடி தெரிஞ்சுதே! இப்ப எங்க போச்சு?"

"இங்கதான் இருக்குது. வீடு கட்டினா போதுமா, கதவு நம்பர் போட வேணாமா? உள்ள அறை பிரிச்சு, பேரு வெச்சாத்தான் கணக்குல சேத்துக்கும்."

திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். இரண்டு டிஸ்க்கும் இரண்டு பட்டையாகத் தெரிந்தன. புதுசின் மேல் வைத்து அழுத்தினால் அது தயாராகும். பழசின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். இதை அவள் சொல்லி முடிப்பதற்குள் என் கை மவுஸில் இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"பாவா, கைய எடு!"

அந்த இரண்டு நாளில் அவள் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். எடுத்துவிட்டேன். ஸ்டிக்கரிலிருந்து நோட்டில் எழுதி வைத்திருந்த அளவையும் திரையில் இருந்த அளவையும் ஒத்துப் பார்த்தாள். என்னையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். பிறகுதான் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் புது டிஸ்க் தன் பெயரோடு வந்து நின்றது. காலியான ஒரு டிஸ்க்கைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் திருத்தணியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

"எல்லாத்தயும் ஒண்ணாப் புடிச்சு மாத்திடு" என்றேன்.

"கூடாது. பழசு இன்னும் எவ்ளோ நேரம் ஓடும்னு தெரியாது. எது அவசரமோ அதுதான் மொதல்ல."

பட்டியலில் அந்த மணவூர்ப் பெண்ணின் கல்யாணத்துக்கு மேலே எங்கள் மகளின் படங்கள் இருந்தன. அப்போது அவளுக்கு இரண்டு வயசு. பிறந்தது முதல் எடுத்த எல்லாம் அதில்தான். மலையில் மொட்டையடித்தது, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போது வாயைத் திறந்து அழுதது, எல்லாம். ஒன்றையும் நான் பிரிண்ட் போடவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். போட்டோக்காரன் பிள்ளைக்குப் போட்டோ கிடையாது.

நான் அதை விரலால் தொட்டுக் காட்டினேன். வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒருநாள்தான் பாவா இருக்குது" என்று சொல்லிவிட்டு, கல்யாணப் படங்களின் மேல் வைத்து அழுத்தினாள்.

இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படத்துக்கும் பழைய டிஸ்க் இடித்துக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடந்தது. தாலி கட்டும் படத்தில் நின்றேவிட்டது. நான் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடலாம் என்று துடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது தானாக நகர்ந்தது. கடைசிப் படமும் வந்ததும், வந்ததை எல்லாம் ஒன்று ஒன்றாகத் திறந்து சரிபார்த்து நோட்டில் எழுதிவிட்டு, எங்கள் மகளின் படங்களின் மேல் அழுத்தினாள்.

டிக், டிக், டிக். பிறகு சத்தம் இல்லை. திரை உறைந்தது. அணைத்துப் போட்டோம். கறுப்புத் திரையில் இப்போது ஒரே ஒரு வரி. புது டிஸ்க் மட்டும். பழசை அதன்பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் கண்டுகொள்ளவில்லை. சென்னை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டேன்.

எப்போதும் வருகிற கோபம் அன்றைக்கு வரவேயில்லை. அவள் தன் மடியில் கைகளை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பழசோடு எங்கள் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டதால் புது டிஸ்க்கைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி, தான் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொண்டுபோனாள். அங்கே ஐந்தே நிமிஷத்தில் மாட்டி, சிடி எழுதினாள். சாயங்காலம் லேபில் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சென்னை ரயிலுக்கு ஓடினாள். எங்களிடம் நன்றிகூடச் சொல்லவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மூன்று மாசம் தகவல் இல்லை. ஒருநாள் மத்தியானம் மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது. அந்தப் பெண், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெரியவர், பின்னாலேயே அவள் கணவன். சட்டையின் மேல் பித்தான் போடவில்லை. நெஞ்சின் நடுவில் நீளமாகத் தழும்பு தெரிந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னால ரெண்டு தபா முழுசாப் பாத்தேன்மா," என்று என் மனைவியிடம்தான் சொன்னார். "எல்லாரும் இருந்தாங்க. நான் ஒருத்தன்தான் இல்ல. பொழைச்சு வந்தா போய் ஒரு படம் எடுத்துக்கலாம்னு நெனச்சுகினே உள்ள போனேன்."

அவரையும் மகளையும் மருமகனையும் வைத்துப் படம் எடுத்தேன். எடுத்து முடித்ததும் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க ஊரார் குழந்தைகளின் படங்கள். எங்கள் மகள் அறைக்குள் ஓடியாடிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ கொழந்தைங்க படம் மாட்டி வெச்சிருக்கறீங்க. உங்க பாப்பாது ஒண்ணுகூடக் காணமே?"

நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் திறந்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"இன்னும் எடுக்கலீங்க நைனா. இன்னிக்குத்தான் எடுக்கணும்னு இருந்தோம். பாவா, கேமராவ எடு."

குழந்தையைத் தூக்கி அவர் மடியில் உட்காரவைத்தாள்.

எங்கள் மகளின் படங்களில் இன்று எங்களிடம் இருப்பவற்றில் ஆகப் பழையது அதுதான். காதில் கம்மல் இருக்கிறது, தலையில் முடி வளர்ந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, அவர் நெஞ்சுத் தழும்பின் மேல் கையை வைத்திருக்கிறாள்.